நாவலுக்கும் படத்துக்கும் கைடு எழுதினேன். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

கும்பகோணத்துப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சுயநிதிக் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர். பெயர், ஊர், நாவலின் பெயர் எதுவும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு இலக்கியத்தையும் திரைப்படத்தையும் சேர்த்துப் படிக்கும் ஒரு தாள் இருக்கிறது. தஞ்சை மண்ணில் நடக்கும் ஒரு நாவலும் அதிலிருந்து எடுத்த படமும் அதில் பாடம். நாவல் நானூறு பக்கம். பெரும்பாலான மாணவர்கள் வாங்குவதில்லை, வாங்கியவர்களும் முடிப்பதில்லை. அதனால் வகுப்புக் குறிப்புகளை விரித்து 168 பக்கத்தில் கைடு எழுதினார். அத்தியாயவாரியாகக் கதைச்சுருக்கம், பாத்திரங்கள், நாவல்–படம் ஒப்பீடு, டிவிடியிலிருந்து எடுத்த 22 காட்சிப் படங்கள், இரண்டு பாடல்களின் முழு வரிகள், ஐந்து ஆண்டு வினாத்தாள்கள், மாதிரி விடைகள். சில விடைகளுக்கு வேறொரு பழைய கைடைப் ‘பார்த்துக்கொண்டதாகவும்’ எழுதியிருக்கிறார். ஊர்ப் புத்தகக்கடைக்காரர் ஒருவர் 12,000 ரூபாய் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 1,000 பிரதி அச்சிட்டு 140 ரூபாய்க்கு விற்றார். 640 பிரதி போய்விட்டது.

இப்போது நான்கு பக்கமும் இடி. நாவலாசிரியரின் வாரிசுகள் 5 லட்ச ரூபாயும் மன்னிப்பும் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரர் இவருடைய பெயரை எடுத்துவிட்டு ‘நிபுணர் குழு’ என்று போட்டு இரண்டாம் பதிப்புக்குத் தயாராகிறார். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் முழுப் புத்தகமும் ஸ்பைரல் பைண்டிங்கோடு 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டெலிகிராமில் பிடிஎஃப் சுற்றுகிறது. கல்லூரி நிர்வாகமோ, ‘இங்கே வேலை பார்த்துக்கொண்டு எழுதியது, கல்லூரிக்கே சொந்தம்’ என்கிறது. ‘கல்விக்காகத்தானே எழுதினேன், ஆசிரியர் பெயரையும் போட்டிருக்கிறேன், ஐஎஸ்பிஎன்னும் வாங்கினோம், பத்து சதவீதம்வரை எடுக்கலாம் என்றுதானே சொல்கிறார்கள்? நான் செய்தது குற்றமா? இனி எந்த நூலுக்காவது தைரியமாக எழுத முடியுமா?’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தேதியைக் கவனியுங்கள். நோட்டீஸில் 15 நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கடிதம் கிளம்பும்போதே ஒன்பது நாள் போய்விட்டது. வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு இல்லை; கெடு தாண்டியதற்காக யாரும் உங்களைத் தண்டிக்க முடியாது. ஆனால் பதில் போடாத மௌனத்தைப் பிறகு வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். அதே சமயம், மனம் பதறி வாரிசுகளுக்கோ அவர்களுடைய வக்கீலுக்கோ போன் செய்து ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். போனில் வரும் மன்னிப்பு பதிவாகும், வாட்ஸ்அப்பில் வருவது அச்சாகும். பேச வேண்டியதை ஒரு வக்கீல் மூலம் எழுத்தில் பேசுங்கள். அந்தப் பதிலில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் உங்கள் புத்தகத்தை நாம் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும்.

கைடு எழுதுவது குற்றமில்லை

இது உங்களுக்கு ஆறுதலுக்காகச் சொல்வதில்லை, நம் உயர் நீதிமன்றமே சொன்னது. இ.எம். ஃபார்ஸ்டரின் ‘எ பாசேஜ் டு இந்தியா’ கல்லூரிப் பாடமாக இருந்தபோது, சென்னையில் ஒருவர் மாணவர்களுக்காக அதற்குக் கைடு எழுதி வெளியிட்டார். ஃபார்ஸ்டரே வாதியாக வழக்கு வந்தது. 1964ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கும் அந்தச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அந்தக் கைடு நாவலின் உரிமையை மீறவில்லை என்று முடிந்தது. நாவலைப் பற்றி எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். கதையின் கரு, பாத்திரங்களின் குணம், காலம், களம் இவற்றைப் பற்றிப் பேசும் உரிமையை எந்த எழுத்தாளரும் பூட்டி வைக்க முடியாது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கே உண்டு என்பதை 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

மேற்கோள் காட்டுவதற்கும் இடம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(ஏ), விமரிசனத்துக்கும் மதிப்புரைக்கும் ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு இது திரைப்படத்துக்கும் பொருந்தும்.

நீங்கள் நம்பிய ‘பத்து சதவீதம்’ மட்டும் சட்டத்தில் எங்கும் இல்லை. எத்தனை வரி, எத்தனை பக்கம் என்று நம் சட்டம் அளந்து கொடுக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றம் 1996இல் சிவிக் சந்திரன் வழக்கில் மூன்று கேள்விகளைக் கேட்டது: எவ்வளவு எடுத்தார், எடுத்த பகுதிக்கு என்ன மதிப்பு? எதற்காக எடுத்தார்? இரண்டும் சந்தையில் போட்டி போடுமா? நீதிமன்றங்கள் இன்றும் ஏறக்குறைய இந்தத் தடத்தில்தான் நடக்கின்றன. நானூறு பக்கத்தில் நான்கே பக்கம் எடுத்தாலும் அந்த நான்கும் நாவலின் உயிர்நாடி என்றால் தவறாகும்.

ஆசிரியர் பெயரைப் போட்டது நல்ல பண்பு. அது அனுமதிக்கு ஈடாகாது. ‘கல்விக்காக’ என்பதும் பாதிதான் சரி. பிரிவு 52(1)(ஐ) ஆசிரியரும் மாணவரும் பாடம் நடக்கும் போக்கில் பிரதி எடுப்பதற்குப் பாதுகாப்புத் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாக ஜெராக்ஸ் கடைமேல் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை விரிவாகவே படித்தது. ஆனால் அங்கே கேள்வி, பாடத்திட்டத்தின்படி ஆசிரியர்கள் குறித்துக்கொடுத்த பகுதிகளை மாணவர்களுக்கு நகலெடுத்துத் தருவது பற்றியது. 140 ரூபாய் விலை போட்டுக் கடையில் விற்கும் புத்தகத்தை அந்தக் குடைக்குள் கொண்டுவருவது கடினம். உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது விமரிசனம் என்ற விதிவிலக்குதான். ஆகவே புத்தகத்தில் விமரிசனம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் பக்கங்கள் சொல்வது

நீங்கள் இணைத்த நகலின்படி 9 முதல் 74 வரை, அதாவது 66 பக்கம், அத்தியாயச் சுருக்கம். உங்கள் ஆபத்து முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நாவலைச் சுருக்கி எழுதுவது சட்டத்தின் பார்வையில் ஒரு ‘தழுவல்’. பிரிவு 2(ஏ) அப்படித்தான் வரையறுக்கிறது. தழுவும் உரிமை மூல ஆசிரியருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் உரியது. நீங்கள் உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதியிருந்தாலும், சம்பவ வரிசை, காட்சி நுணுக்கம், திருப்பங்கள் எல்லாவற்றையும் அப்படியே 66 பக்கத்தில் நடத்திக்கொண்டு போனால், அதைப் படித்த மாணவி நாவலைத் தொடவே தேவையில்லை. சிவிக் சந்திரன் வழக்கின் மூன்றாவது கேள்வியில் இங்கேதான் தோற்போம்.

62ஆம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படித்துறைக் காட்சி. நாவலின் உரையாடலில் 14 வரியை அப்படியே இறக்கியிருக்கிறீர்கள். மேற்கோள் குறி இல்லை, நாவலின் பக்க எண் இல்லை. கீழே ஒரே ஒரு வாக்கியம்: ‘இவ்வாறு அவள் தன் மனத்தை வெளிப்படுத்துகிறாள்.’ இப்படிப்பட்ட பக்கத்தை எந்த வக்கீலாலும் விமரிசனம் என்று வாதாட முடியாது.

அதே பக்கத்தை இப்படி மாற்றலாம். உரையாடலில் அவள் பேச்சைத் திசைதிருப்பும் இரண்டு வரியை மட்டும் மேற்கோள் குறிக்குள் தாருங்கள்; நீங்கள் பாடமாக வைத்திருக்கும் பதிப்பின் பக்க எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். பிறகு உங்கள் வேலையைத் தொடங்குங்கள். அவள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறாள்? அதற்கு முந்தைய பத்தியில் ஆற்றில் தண்ணீர் வடிந்துகொண்டிருப்பதை ஆசிரியர் ஏன் சொல்லிவைத்தார்? படத்தில் இதே காட்சி வீட்டு முற்றத்தில் நடக்கிறது என்று 121ஆம் பக்கத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள். நாவலில் ஆறு செய்த வேலையைப் படத்தில் எது செய்கிறது? கேமரா யார் முகத்தில் நிற்கிறது, யார் பேசும்போது யாரைக் காட்டுகிறது? இத்தனையும் சொன்னால் மாணவி நாவலை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டியே ஆக வேண்டும். சட்டப்படியும் பாதுகாப்பு, தேர்விலும் அவளுக்கு மதிப்பெண் கூடும். 118 முதல் 131 வரை நீங்கள் எழுதிய ஒப்பீட்டுப் பகுதி இந்தத் தரத்தில் இருக்கிறது. உண்மையில் நல்ல எழுத்து அது. புத்தகத்தின் முதுகெலும்பாக அது இருந்திருக்க வேண்டும், பின்னால் ஒளிந்துகிடக்கிறது.

கதைச்சுருக்கமே கூடாதா என்றால், வேண்டும். கதைப்போக்கு தெரியாமல் விமரிசனம் புரியாது. முழு நாவலுக்கும் இரண்டு, மூன்று பக்கம். அத்தியாயத்துக்கு நான்கைந்து வரி. இது சட்டம் விதித்த அளவு இல்லை, நான் தரும் நடைமுறை அளவு.

காட்சிப் படங்கள்: ஒரு படத்திலிருந்து ஒரேயொரு சட்டகத்தை (ஃப்ரேமை) புகைப்படமாக எடுத்தாலும் அது திரைப்படத்தைப் பிரதி எடுப்பதில் அடங்கும், பிரிவு 14 வெளிப்படையாகவே சொல்கிறது. 22 படங்களில் பதினாறுக்குக் கீழே ‘படத்தில் ஒரு காட்சி’ என்று மட்டும் இருக்கிறது. அவை அலங்காரம், எடுத்துவிடுங்கள். ஒளி, சட்டக அமைப்பு, ஆடை, நிற்கும் இடம் என்று ஏதாவது ஒன்றை வாசகர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டிய ஐந்தாறு படங்களை மட்டும் வையுங்கள். சிறிய அளவில், கறுப்பு வெள்ளையில், ஓடும் நேரத்தைக் குறித்து, உடனே கீழே அந்தச் சட்டகத்தைப் பற்றிய பத்தியோடு இருக்கட்டும். அட்டையில் நாயகியின் படம் கட்டாயம் போக வேண்டும். அட்டைப்படம் விற்பனைக்கான விளம்பரம். அதை விமரிசனம் என்று சொல்ல வழியில்லை. படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த ஸ்டில்களும் போஸ்டரும் தனித்தனிப் படைப்புகள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாடல் வரிகள்: முழுப் பாடலை அச்சிடுவது மேற்கோள் ஆகாது. பாட்டு ஓர் இலக்கியப் படைப்பு. இருபது வரிப் பாட்டில் இருபதும் எடுத்தால் முழுப் படைப்பையே எடுத்ததாகும். பேசப்போகும் இரண்டு, மூன்று வரி போதும்.

வினாத்தாளை அப்படியே போடுவதையும் விடுங்கள். வினாத்தாளும் ஓர் இலக்கியப் படைப்பே என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1967இலேயே சொல்லியிருக்கிறது. கேள்வியின் போக்கைக் கவனித்து நீங்களே புதிதாகக் கேள்வி எழுதலாம், யாரும் தடுக்க முடியாது.

பழைய கைடைப் ‘பார்த்துக்கொண்ட’ விடைகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. நாவலிலிருந்து எடுத்ததற்கு விமரிசனம் என்ற வாதமாவது உண்டு. ஒரு கைடிலிருந்து இன்னொரு கைடுக்கு எடுத்ததற்கு எந்த வாதமும் இல்லை. 1923இல் மேக்மில்லன்–கூப்பர் வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், பழைய நூலிலிருந்து பொறுக்கியெடுத்த மூலப் பகுதிகளுக்குப் பாதுகாப்பு மறுத்தது; மாணவர்களுக்காக எழுதிய குறிப்புகளுக்கு உரிமை உண்டு என்றது. அதே தீர்ப்பு நாளை உங்கள் குறிப்புகளுக்கும் காவல். எனவே அந்த விடைகளை அடையாளம் கண்டு, மூடிவைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். வார்த்தையை மாற்றி மாற்றிப் போடுவது போதாது. அதே தவறு, அதே வரிசை, அதே எடுத்துக்காட்டு இருந்தால் நகல் என்பது தெரிந்துவிடும்.

நாவல் யாருடையது, படம் யாருடையது?

நோட்டீஸ் அனுப்பியவர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து உரிமை கேட்டிருக்கிறார்கள். அது சரியில்லை. நாவலுக்கு வாரிசுகள் கேட்கலாம். படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். நெகட்டிவ் உரிமை, அதாவது படத்தின் மூலப் பிரதிமேலான உரிமை, கைமாறியிருந்தால் இன்று வேறொருவர். பாடல் வரிகள் பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும். ஆகவே 22 காட்சிப் படங்களுக்காக நாவலாசிரியரின் வாரிசுகளுக்கு நீங்கள் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை.

உரிமை எத்தனை காலம் என்பதற்குக் கணக்கு எளிது. எழுத்தாளர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு. இந்த இரண்டும் ஒரே நாளில் முடியாது. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு 2028 டிசம்பர் 31 வரை உரிமை. கதையை எழுதிய கொத்தமங்கலம் சுப்பு 1974இல் மறைந்தார். எனவே கதைக்கு 2034 முடியும் வரை.

அடுத்து எதற்குத் தைரியமாக எழுதலாம் என்று கேட்டீர்கள். உங்கள் ஊரைச் சுற்றியே பட்டியல் போடலாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1889இல் மறைந்தவர். 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ முழுவதையும் மூலத்தோடு அச்சிட்டுக்கூட உரை எழுதலாம். கும்பகோணத்து கு.ப. ராஜகோபாலன் 1944இல் மறைந்தார். அவர் காலத்தில் வெளிவந்த கதைகள் 2005 முதல் பொதுவில் இருக்கின்றன. காலக் கணக்கின்படி இவர்களுக்கு உரிமை இன்னும் இருக்கிறது: ந. பிச்சமூர்த்தி (மறைவு 1976) 2036 வரை, தி. ஜானகிராமன் (1982) 2042 வரை, மௌனி (1985) 2045 வரை, எம்.வி. வெங்கட்ராம் (2000) 2060 வரை. ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சான எழுத்துக்கு, அச்சான ஆண்டிலிருந்து கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

கல்கியின் நாவல்கள் அரசுடைமையாகிவிட்டன, அதாவது அரசு உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. காலக் கணக்கிலும் 2014 முடிவோடு உரிமை தீர்ந்தது. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ என்று 2022லும் 2023லும் வந்த இரு பாகப் படம் பொதுவில் இல்லை. வார இதழில் கதையோடு வந்த ஓவியங்களுக்கும் தனிக் கணக்கு. நாவல் இலவசம் என்றால் அதைச் சுற்றியுள்ள எல்லாமும் இலவசம் என்று எண்ணிவிடக்கூடாது. பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும்கூட அவருடையவை. அரசுடைமை நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும். மூலத்தை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டாயிரம் ரூபாய் ரசீது

‘புத்தகத்துக்கான முழுத் தொகை பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதிக்கொடுத்ததால் எல்லாம் போயிற்று என்று நினைக்கிறீர்கள். அப்படிப் போகாது. உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது நிறைவேறியிருக்கிறது. ஆனால் பிரிவு 19இன்படி எந்த நூல், எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லைக்குள், எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் ரசீதில் புத்தகத்தின் தலைப்புகூட இல்லை. காலம் எழுதாவிட்டால் ஐந்தே ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே கடைக்காரர் தன் ரசீதை வைத்து வாதாடினாலும், மிஞ்சிப்போனால் ஐந்து ஆண்டுக்கு அச்சிட்டு விற்கும் உரிமையே அவருக்குக் கிடைக்கும்.

உங்கள் பெயரை எடுக்கும் உரிமை அவருக்கு எந்த நிலையிலும் இல்லை. பிரிவு 57, உரிமை முழுவதையும் விற்ற பிறகும் நூல் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஆசிரியரிடமே வைக்கிறது. ‘நிபுணர் குழு’ அட்டை அச்சுக்குப் போகும் முன் அவருக்குப் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நாவல் உரிமை பற்றி நோட்டீஸ் வந்திருக்கிறது, இப்போதைய வடிவில் இரண்டாம் பதிப்பு வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பதிப்பாளர் என்ற முறையில் அவரும் நோட்டீஸில் எதிர்த்தரப்புதான். நீங்கள் எச்சரித்த பிறகும் அவர் அச்சிட்டால் பொறுப்பின் பெரும்பகுதி அவர் தலையில் ஏறும்.

திருத்திய புத்தகத்துக்குப் புதிய ஒப்பந்தம் போடுங்கள். விற்பனை விலையில் இத்தனை சதவீதம் ராயல்டி, எத்தனை பிரதி, எந்த ஆண்டு வரை, மின்னூல் உண்டா இல்லையா, பிரதிக் கணக்கு எப்போது காட்ட வேண்டும் என்று இரண்டு பக்கம் போதும்.

ஐஎஸ்பிஎன் பற்றி ஒரு வார்த்தை. அது புத்தகத்தின் அடையாள எண். இந்தியாவில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுதிய நொடியே உங்களுக்குப் பதிப்புரிமை பிறந்துவிட்டது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் ஜெராக்ஸ் கடை போன்ற தகராறு வரும்போது முதல்நோக்குச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்றாக, உதவும். பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் படிவம் 14, இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு உண்டு. திருத்திய வடிவத்தைப் பதிவு செய்யுங்கள், இப்போதைய வடிவத்தைச் செய்யாதீர்கள்.

கல்லூரி கேட்பது

பணியின் கடமையாக எழுதியதற்கு உரிமை முதலாளிக்கு என்று பிரிவு 17 சொல்கிறது. பாடம் நடத்துவது உங்கள் கடமை. கடையில் விற்கும் புத்தகம் எழுதுவது உங்கள் பணி ஆணையில் இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். இல்லை என்றால், வீட்டில் உட்கார்ந்து எழுதிய கைடு உங்களுடையதே. ஆனால் வெளியில் புத்தகம் போட முன்அனுமதி வேண்டும் என்று பணிவிதி ஏதாவது இருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கை சம்பந்தப்பட்டது. அதற்குத் தனியாக, பணிவாக விளக்கம் கொடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையும் டெலிகிராமும்

உங்கள் கோபம் நியாயமானது. ஒரு மாணவி தன் படிப்புக்காக நாலு பக்கம் நகலெடுப்பது வேறு. முழுப் புத்தகத்தையும் அடுக்கி வைத்து 60 ரூபாய்க்கு விற்பது தெளிவான மீறல். பிரிவு 63இல் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. உதவி ஆய்வாளர் நிலை அதிகாரியே வாரண்ட் இல்லாமல் பிரதிகளைக் கைப்பற்றலாம். 2022இல் உச்ச நீதிமன்றம் இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்றும் சொல்லிவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இப்போது காவல் நிலையம் போக வேண்டாம் என்கிறேன். காரணம், அதே பிரிவு உங்கள் புத்தகத்தின் 66 பக்கங்கள் மேலும் பாயக்கூடும். ‘பிறர் எழுத்தை எடுத்தவர் தன் எழுத்து போனதற்கு வழக்குப் போடுகிறார்’ என்று எதிர்த்தரப்பு எழுதும். முதலில் நாவல் தகராறு தீரட்டும். அதுவரை சாட்சியத்தைச் சேருங்கள்: ஒரு பிரதியை வேறொருவர் மூலம் வாங்கி, பில் கேளுங்கள், பில் தராவிட்டால் யுபிஐயில் பணம் கட்டி ரசீதை வையுங்கள், தேதியோடு கடையில் அடுக்கியிருப்பதைப் படம் எடுங்கள். டெலிகிராம் குழுவின் முகவரி, கோப்பின் பெயர், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது தெரியும்படி திரையைப் பதிவு செய்யுங்கள். உரிமை மீறல் வழக்குக்கு மூன்று ஆண்டு காலக்கெடு இருப்பதால் அவசரம் இல்லை.

பிறகு ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு கடிதம். பெரும்பாலான கடைகள் அதிலேயே நிறுத்திவிடும். டெலிகிராமுக்கு 2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி புகார்: உங்கள் நூலின் விவரம், உரிமைச் சான்று, மீறல் இருக்கும் சுட்டி, வழக்குத் தொடர்வேன் என்ற உறுதிமொழி எல்லாம் அதில் வேண்டும். 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை பெறாவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். அதனால் உறுதிமொழியை வெறுமனே எழுதக்கூடாது.

நோட்டீஸுக்குப் பதில்

வாரிசுகளிடம் முதலில் கேட்க வேண்டியது ஆதாரம்: வாரிசுச் சான்று அல்லது உயில், நாவலின் பதிப்பகத்தோடு உள்ள ஒப்பந்தம். பதிப்பகத்துக்கு உரிமை எழுதிக்கொடுத்திருந்தால் கேட்கும் தகுதியே மாறிவிடும். இரண்டாவது, படமும் பாடலும் அவர்கள் கோரிக்கையில் சேராது என்பது. மூன்றாவது, ஒப்பீடு, பாத்திர ஆய்வு, வினாவிடை ஆகியவை பிரிவு 52இன்படி விமரிசனம் என்ற நிலைப்பாடு. நான்காவது, எதையும் ஒப்புக்கொள்ளாமல், சுமுகத்தை உத்தேசித்து, மீதிப் பிரதிகளின் விற்பனையை நிறுத்தி வைப்பதாகவும் கதைச்சுருக்கப் பகுதியைத் திருத்தி வெளியிடப்போவதாகவும் ஓர் அறிவிப்பு.

‘உரிமை இருப்பது தெரியாது’ என்று மட்டும் எழுதாதீர்கள். நஷ்ட ஈட்டிலிருந்து தப்பிக்க அப்படியொரு விலக்கு பிரிவு 55இல் இருந்தாலும், நாவலின் இரண்டாம் பக்கத்திலேயே ஆசிரியர் பெயரும் உரிமைக் குறிப்பும் இருக்கும்போது அது நிற்காது. ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராகப் பிரிவு 60இல் வழக்குப் போடலாம் என்று யாராவது உசுப்பிவிட்டால் கேட்காதீர்கள். இந்த மிரட்டலில் பாதிக்கு ஆதாரம் இருக்கிறது.

5 லட்சம் என்ற எண்ணைக் கண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 640 பிரதி 140 ரூபாய் என்றால் மொத்தமே 89,600 ரூபாய். அச்சு, காகிதம், கடைக் கழிவு எல்லாம் அதிலிருந்து போக வேண்டும். உங்கள் கைக்கு வந்தது 12,000. இந்தக் கணக்கைப் பதிப்பாளரிடமிருந்து எழுத்தில் வாங்கி வையுங்கள். இதுபோன்ற விஷயங்கள் பெரும்பாலும் திருத்திய பதிப்புக்கு ஒரு சிறு அனுமதிக் கட்டணம், நன்றிப் பக்கத்தில் ஒரு வரி என்று முடிய வாய்ப்பு அதிகம். எழுத்தாளரின் குடும்பத்துக்கு நாவல் விற்பதில் அக்கறை இருக்கும். உங்கள் புதிய கைடு மாணவர்களை நாவலுக்கே அனுப்புகிறது என்பதைத் திருத்திய 62ஆம் பக்கத்தை இணைத்தே காட்டலாம்.

அவர்கள் வழக்குப் போட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குக் குறையாத இடத்தில்தான் போட முடியும். தாங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடவும் பிரிவு 62 இடம் கொடுக்கிறது. அவர்கள் சென்னையில் இருந்தால் நீங்கள் அங்கே அலைய நேரிடும் என்பதும் சமரசத்தை முதலிலேயே முயல ஒரு காரணம்.

வக்கீல் கட்டணம் முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். போகும்போது நோட்டீஸும் அது வந்த உறையும், கைடு ஒரு பிரதி, பாடமாக உள்ள நாவல் பதிப்பு, 12,000 ரூபாய் ரசீதின் நகல், பணி நியமன ஆணை, பாடத்திட்டப் பக்கம், பதிப்பாளர் தந்த விற்பனைக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கைடில் நாவலின் வரிகள் அப்படியே வரும் இடங்களை மஞ்சளிலும், பழைய கைடிலிருந்து வந்தவற்றைச் சிவப்பிலும் நீங்களே கோடிட்டுக் கொடுங்கள். உங்கள் வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள். கெடுவுக்கு ஆறு நாளுக்கும் குறைவாகவே இருக்கிறது. பதில், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் போகட்டும்.